பேனா வடிவ வயர்லெஸ் மவுஸைக் கொண்டு இணைய வகுப்பில் கணக்கு எழுத முடியுமா?

கணக்கு டீச்சர், காரைக்குடி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் சிலருக்கு மாலை நேரத்தில் ஜூம் வழியாகக் கணிதம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சாதாரண மவுஸைப் பிடித்துக்கொண்டு திரையில் சமன்பாடு எழுதுவது பெரும்பாடாக இருந்ததால், பேனா வடிவத்தில் வரும் வயர்லெஸ் மவுஸ் ஒன்றை அண்மையில் வாங்கினேன். தடித்த மார்க்கர் பேனாவின் பருமன் இருக்கும். அடிமுனை சாய்வாகச் சீவப்பட்டு, அதற்குள்ளிருந்து சிவப்பு ஒளி வருகிறது. ஆள்காட்டி விரல் படியும் இடத்தில் இரண்டு பொத்தான்களும், அவற்றையொட்டி ஒரு சிறு உருளையும், டிபிஐ, அதாவது கை நகரும் தூரத்துக்குக் கர்சர் எவ்வளவு நகர வேண்டும் என்ற அளவை, மாற்றுவதற்குத் தனியாக ஒரு பொத்தானும் இருக்கின்றன. பின்பகுதியில் ஒரு டிரிபிள் ஏ பேட்டரி போட வேண்டும். மடிக்கணினியில் செருகுவதற்கு விரல்நகம் அளவில் ஒரு ரிசீவர் தந்திருக்கிறார்கள்.

கேள்வித்தாள் தயாரிக்கும்போது வரிகளைத் தேர்ந்தெடுப்பதற்கும் படங்களை நகர்த்துவதற்கும் இது கைக்கு இதமாகவே இருக்கிறது. ஆனால் எந்த வேலைக்காக வாங்கினேனோ, அந்த எழுதும் வேலைதான் கைகூடவில்லை. பின்னத்திற்குக் கிடைக்கோடு போட்டால், கை நேராகப் போனாலும் திரையில் கோடு வலப்பக்கம் மேலேறிவிடுகிறது. x எழுதிவிட்டு, அதன் தலையில் 2 போடுவதற்காகப் பேனாவைத் தூக்கிச் சற்று மேலே வைத்தால், திரையில் கர்சர் பழைய இடத்திலேயே நிற்பதால் அந்த 2 வந்து x-இன் மேலேயே விழுகிறது. தொகையீட்டுக் குறியை வளைத்து முடித்துப் பொத்தானை விடும் கணத்தில் முனை நழுவி, குறியின் கடைசியில் ஒரு வால் முளைத்துவிடுகிறது. என் மேசையின் மேற்பலகை கண்ணாடி. அதன்மேல் இந்த மவுஸ் அசையவே மறுக்கிறது. இவை போதாவென்று, சில நேரம் கர்சர் நின்று நின்று நகர்கிறது.

இவையெல்லாம் அமைப்புகளை மாற்றினால் சரியாகக்கூடியவையா, அல்லது பென் டேப்லெட் என்று சொல்லப்படும் வரைபலகையைத்தான் வாங்க வேண்டுமா? அப்படி வாங்கினால் இந்தப் பேனா மவுஸுக்கு வேறு பயன் ஏதேனும் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மின்னணுப் பட்டறை, கோவை

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நீங்கள் சொன்ன தொல்லைகளில் பாதி, அந்தக் கருவியின் இயல்பிலிருந்தே வருபவை. மீதி, அமைப்புகளால் குறையக்கூடியவை. எது எதுவென்று பிரித்துப் பார்ப்பதற்கு, அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

உருவம் பேனாவாக இருந்தாலும் உள்ளே இருப்பது சாதாரண ஆப்டிகல் மவுஸின் சென்சார்தான். ஒரு எல்இடி மேசையின் பரப்பில் ஒளியைப் பாய்ச்சுகிறது. மிகச் சிறிய கேமரா ஒன்று அந்தப் பரப்பை நொடிக்கு ஆயிரம் தடவைக்கும் மேலாகப் படம் பிடிக்கிறது. எளிய சென்சார்களில் ஒவ்வொரு படமும் 18-க்கு 18 புள்ளிகள் என்ற அளவில்தான் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டு, பரப்பிலுள்ள நுண்ணிய சொரசொரப்பு எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று உள்ளேயிருக்கும் சில்லு கணக்கிட்டுக் கணினிக்கு அனுப்புகிறது. ஆகவே, எவ்வளவு நகர்ந்தோம் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு அடியெண்ணி நடப்பவரைத் தூக்கி வேறோர் இடத்தில் இறக்கிவிட்டால் அவர் எண்ணிக்கையை விட்ட இடத்திலிருந்தே தொடர்வார் அல்லவா? உங்கள் x-இன் தலைக்குப் போக வேண்டிய 2-க்கு நேர்ந்தது இதுதான். பேனாவைத் தூக்கியதும் படம் கலங்கிவிடுகிறது, கணக்கு நின்றுவிடுகிறது. மீண்டும் வைத்த இடத்தில் புதிதாகத் தொடங்குகிறது. இதற்கு எந்த அமைப்பிலும் மாற்று இல்லை. தூக்காமல், பொத்தானை மட்டும் விட்டுவிட்டு, முனையைத் தாளோடு உரசியபடியே மேலே கொண்டுபோய், அங்கே மீண்டும் பொத்தானை அழுத்தித்தான் எழுத வேண்டும்.

கோடு சாய்வதற்குக் காரணம் வேறு. சென்சாருக்கு மேல் கீழ், இடம் வலம் என்ற திசைகள் அதன் உடலோடு பிணைந்தவை. சாதாரண மவுஸின் அகலமான உடல் உள்ளங்கைக்குள் அடங்கி நிற்பதால் அது அதிகம் திரும்புவதில்லை. பேனாவோ விரல்களுக்கிடையில் உருளக்கூடியது; எழுதும்போது நாம் அறியாமலே அதை உருட்டுகிறோம். பேனா 10 பாகை திரும்பியிருக்கும்போது நீங்கள் மிக நேராக ஒரு கிடைக்கோடு இழுத்தாலும், திரையில் 1,000 புள்ளி நீளமுள்ள கோடு சுமார் 174 புள்ளி மேலேறியோ இறங்கியோ முடியும். கோடு எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது என்றால், பேனாவைப் பிடிக்கும் திசையே நிரந்தரமாகத் திரும்பியிருக்கிறது என்று பொருள். சாய்வாகச் சீவிய முனையின் தட்டையான பரப்பு மேசையில் முழுவதும் படியுமாறு வைத்து, பொத்தான்கள் திரையை நோக்கி நேராக இருக்கும்படி பிடித்துப் பாருங்கள். மேசையில் வைக்கும் தாளையும் மேசை விளிம்புக்கு இணையாக வைத்துக்கொண்டால், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

முனை முழுவதும் படிய வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாதாரண மவுஸ்களில் சென்சாரின் கண்ணாடி வில்லைக்கும் மேசைக்கும் இடையே சுமார் 2.4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்குமாறு வடிவமைப்பது வழக்கம். அதிலிருந்து சிறிதளவு விலகினாலே படம் மங்கிவிடும். பேனாவை நிமிர்த்திப் பிடிப்பதும் மிகையாகச் சாய்ப்பதும் இந்த இடைவெளியைக் கெடுப்பதால், எழுதும் நடுவில் கோடு அறுந்துபோகும்.

இனி, அமைப்புகளால் சரிசெய்யக்கூடியவை. முதலில் டிபிஐ. 1,000 டிபிஐ என்றால் கை ஓர் அங்குலம் நகரும்போது கர்சர் 1,000 புள்ளி நகரும். அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 39 புள்ளிகள். 1920-க்கு 1080 அளவுள்ள திரையின் முழு அகலத்தையும் உங்கள் கை 5 சென்டிமீட்டருக்குள் கடந்துவிடும். நோட்டில் எழுதுவதுபோல 5 மில்லிமீட்டர் உயரத்தில் ஓர் எழுத்து எழுதினால் அது திரையின் உயரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அடைத்துக்கொள்ளும். கை அரை மில்லிமீட்டர் நடுங்கினாலும் 20 புள்ளி அளவுக்குக் கோடு பிசிறடிக்கும். இணையத்தில் விற்கும்போது அதிக டிபிஐ என்பதை ஒரு பெருமையாகப் போடுகிறார்கள். எழுதுகிறவருக்கு அது பகை. உங்கள் பேனாவில் உள்ள மிகக் குறைந்த அளவை வைத்துக்கொள்ளுங்கள். 500 வரை குறைக்க முடிந்தால் திரையில் எழுத்தின் அளவும் பிசிறும் பாதியாகிவிடும். அதற்குமேலும் வேண்டுமென்றால், விண்டோஸின் பழைய மவுஸ் அமைப்புச் சாளரத்தில் கர்சர் வேகத்துக்கான நகர்த்தியை நடுப்படியிலிருந்து இரண்டு படி இடப்பக்கம் தள்ளுங்கள்.

அதே சாளரத்தில் ‘என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்’ என்றொரு தெரிவு இருக்கும். அதன் பெயரைப் பார்த்துத் துல்லியம் கூடும் என்று எண்ணிவிட வேண்டாம். கை வேகமாக நகர்ந்தால் கர்சரை விகிதத்துக்கு மீறிக் கூடுதலாகவும், மெதுவாக நகர்ந்தால் குறைவாகவும் நகர்த்துவதே அதன் வேலை. ஒரே எழுத்தை நீங்கள் வளைவில் மெதுவாகவும் நேர்க்கோட்டில் வேகமாகவும் எழுதும்போது, வளைவு சுருங்கி, நேர்க்கோடு நீண்டு, எழுத்தின் உருவமே மாறிப்போகும். எழுதும் வேலைக்கு அதை அணைத்தே வைக்க வேண்டும்.

குறியின் கடைசியில் வால் முளைப்பது, விரல் பொத்தானை விடும்போது பேனாவும் சேர்ந்து அசைவதால் வருவது. கோட்டை முடித்தவுடன் கையை ஒரு கணம் நிறுத்திவிட்டுப் பிறகு விரலை எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பொத்தான்களுக்கான பக்கத்தில் ‘கிளிக்லாக்’ என்ற வசதியும் இருக்கிறது. பொத்தானைச் சற்று நேரம் அழுத்திவிட்டால் அது அழுந்தியபடியே பூட்டிக்கொள்ளும், மறுமுறை அழுத்தும்வரை கோடு தொடரும். வரைபடங்களில் நீண்ட வளைகோடு இழுப்பதற்கு அது உகந்தது. எழுத்துக்கு எழுத்து கையெடுக்க வேண்டிய சமன்பாடுகளுக்கு உதவாது.

கண்ணாடி மேசையைப் பொறுத்தவரை, படம் பிடிப்பதற்கு அங்கே சொரசொரப்பே இல்லை என்பதுதான் சிக்கல். கண்ணாடியிலும் இயங்கும் சென்சாரை லாஜிடெக் நிறுவனம் 2009-இல் டார்க்ஃபீல்டு என்ற பெயரில் கொண்டுவந்தது. பேனா மவுஸ்களில் இருப்பது அந்த வகை அல்ல. நோட்டுகளுக்கு அட்டை போடும் பழுப்புத் தாள் ஒன்றை மேசையில் ஒட்டிவிடுங்கள். அதன் நார்கள் சென்சாருக்கு நல்ல தடம் கொடுக்கும். வழுவழுப்பான காலண்டர் தாளின் படம் உள்ள பக்கத்தைப் பயன்படுத்த வேண்டாம்.

பக்க வடிவமைப்பு, சிவகாசி

மேலே எழுதியவர் எழுதும் வேலையைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். பேனா மவுஸுக்கு வேறு பயன் உண்டா என்று ஆசிரியை கேட்டதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனெனில் அந்தக் கருவியைக் குறைவாக மதிப்பிட்டு ஒதுக்கிவிடக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

அச்சகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். ஆடிப்பெருக்கு முடிந்தால் காலண்டர் வேலை குவியும். நாள் முழுவதும் கை மவுஸின் மேலேயே இருக்கும். அப்படிப்பட்ட ஒரு பருவத்தில் முன்கையின் மேற்புறத்தில் தொடங்கிய வலி முழங்கை வரைக்கும் ஏறியது. எலும்பு மருத்துவர் பார்த்துவிட்டு, உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி, அதே நிலையில் மணிக்கணக்கில் வைத்திருப்பதுதான் காரணம் என்றார். உள்ளங்கை தரையைப் பார்க்கும்போது முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றன் குறுக்கே ஒன்று வந்து நிற்கின்றன. கையை அந்த நிலையில் நிறுத்திவைப்பதற்கே தசைகள் உழைக்க வேண்டியிருக்கிறது. பேனா பிடிக்கும்போது சுண்டுவிரல் பக்கம் மேசையில் சாய்ந்து, உள்ளங்கை பாதி பக்கவாட்டில் திரும்பிக்கொள்கிறது. மணிக்கட்டும் ஏறக்குறைய நேராகிவிடுகிறது. கைக்குப் பழகிய பிடி என்பதால் தனியாகக் கற்க வேண்டியதும் இல்லை.

என் வேலையில் கோடு இழுத்து எழுதுவது என்பதே கிடையாது. முருகன் படத்தைப் பின்னணியிலிருந்து பிரிப்பதற்குக் கிளிப்பிங் பாத் என்னும் வெட்டுக்கோடு போடுகிறேன் என்றால், வேலின் நுனியில் ஒரு புள்ளி, அது சரியும் இடத்தில் ஒரு புள்ளி, மயிலின் தோகை விளிம்பில் வரிசையாகப் புள்ளிகள் என்று வைத்துக்கொண்டே போவேன். ஒவ்வொரு புள்ளிக்கும் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்தி ஒருமுறை அழுத்தினால் போதும். பேனா விரலிடுக்கில் சற்றே உருண்டாலும் பாதகமில்லை, ஏனென்றால் கண் திரையில் இருக்கிறது. கர்சர் விலகினால் கை தானாகத் திருத்திக்கொள்கிறது. முழங்கையையோ மணிக்கட்டையோ அசைக்காமல், விரல்களை மட்டும் சிறிது நீட்டி மடக்கியே நுட்பமான இடங்களுக்குப் போக முடிவது இந்தக் கருவியில் எனக்குப் பெரிய வரம். ஆசிரியை கேள்வித்தாள் தயாரிக்கும்போது இதமாக இருப்பதாகச் சொன்னதும் இதே காரணத்தால்தான்.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மணிக்கட்டிலிருந்து சுமையை இறக்கினால் அது விரல்களில் ஏறுகிறது. பேனாவை இறுக்கிப் பிடிப்பவர்களுக்குக் கட்டைவிரலின் அடிச்சதை வலிக்கத் தொடங்கும். பொத்தானை அழுத்தும்போது பேனா நழுவாமல் இருக்க வேண்டுமே என்று நாம் இறுக்குகிறோம். சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மேசையில் நன்றாக ஊன்றிக்கொண்டால் அந்த இறுக்கம் தேவைப்படாது. நான் காலையில் சாதாரண மவுஸும் பிற்பகலில் பேனா மவுஸுமாக மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். ஒரே பிடியில் கையை நாள் முழுவதும் நிறுத்தாமல் இருப்பது எந்த மவுஸைக் காட்டிலும் நல்லது.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போவது, இரவில் அந்த மரமரப்பால் விழித்துக்கொள்வது ஆகிய அறிகுறிகள் யாருக்காவது இருந்தால், மவுஸை மாற்றிப் பார்க்கலாம் என்று நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மணிக்கட்டின் குறுகிய வழியில் ஒன்பது தசைநாண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு போகும் நடு நரம்பு அழுத்தப்படுவதன் அடையாளம் அது.

இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். கைக்கு இதமானவை என்று விற்கப்படும் வளைந்த மவுஸ்களில் பெரும்பாலானவை வலக்கைக்கென்றே வார்க்கப்பட்டவை. பேனா வடிவத்துக்கு இடம் வலம் கிடையாது. அமைப்பில் பொத்தான்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். முனை ஆடிக்கொண்டே இருப்பது பிடிக்காதவர்களுக்கு, சுவீடனைச் சேர்ந்த பென்க்ளிக் நிறுவனம் தயாரிக்கும் வகை இருக்கிறது. அதில் சிறிய தட்டையான அடிப்பாகத்தின்மேல் பேனாத் தண்டு நிற்கும். சென்சார் அடிப்பாகத்தில் இருப்பதால், தண்டை எப்படிச் சாய்த்தாலும் அது மேசையோடு படிந்தே இருக்கும். அதுவும் சுட்டுவதற்கான கருவிதானே தவிர, எழுதுவதற்கானது அன்று.

கணக்கு டீச்சர், காரைக்குடி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பழுப்புத் தாளை ஒட்டி, டிபிஐயைக் குறைத்து, அந்தத் தெரிவையும் அணைத்துப் பார்த்தேன். எழுத்தில் நல்ல மாற்றம் தெரிகிறது. பொத்தான்களைத் திரையை நோக்கி வைத்துப் பிடித்தால் பின்னக்கோடும் ஓரளவு நேராக வருகிறது. ஆனால் அடுக்குக்குறி, கீழ்க்குறி, மூலக்குறிக்குள் ஒரு பின்னம் என்று வரும்போது, ஒவ்வொரு முறையும் முனையை உரசிக்கொண்டே இடம் தேட வேண்டியிருப்பதால், சொல்லவந்த கணக்கு என் வாயிலேயே நின்றுவிடுகிறது. பிள்ளைகள் திரையையே பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். எழுதும் வேகம் பேசும் வேகத்தோடு போகாவிட்டால் கணித வகுப்பு நடத்த முடியாது என்பதால், வரைபலகை வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். எப்படிப்பட்டதை வாங்க வேண்டும், எப்படி அமைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கர்சர் நின்று நின்று நகர்வது மட்டும் தீரவில்லை. வகுப்புப் பதிவுகளை வெளிவன்தட்டில் நகலெடுக்கும் நேரத்தில்தான் அது மிகுதியாக வருகிறது என்பதை இப்போது கவனித்தேன்.

அலைவரிசை

அம்மா, நீங்கள் கடைசியாக எழுதிய அந்த ஒரு வரியிலேயே விடை இருக்கிறது. வன்தட்டைச் செருகியிருக்கும் துளையின் உட்புறம் நீலமாக இருக்கிறதா என்றும், மவுஸின் ரிசீவர் அதற்கு அடுத்த துளையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நீல நிறம் பெரும்பாலும் யுஎஸ்பி 3.0 துளையைக் குறிக்கும்.

இத்தகைய வயர்லெஸ் மவுஸ்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. யுஎஸ்பி 3.0 இணைப்பில் தரவு நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும்போது, அந்த இணைப்பியும் கம்பியும் கருவியும் வெளிவிடும் மின்காந்த இரைச்சல் இதே அலைவரிசைப் பகுதியிலும் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் ஒரு தொழில்நுட்ப அறிக்கையில் இதை அளந்து காட்டியிருக்கிறது. உங்கள் பேனாவிலிருந்து வரும் சமிக்ஞை மிக வலுக்குறைந்தது. அதை வாங்க வேண்டிய ரிசீவரோ இரைச்சல் எழும் இடத்திலிருந்து இரண்டு விரல் தொலைவில் உட்கார்ந்திருக்கிறது. நகலெடுக்கும்போது மட்டும் கர்சர் திணறுவது அதனால்தான்.

சிறிய யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பி ஒன்றை வாங்கி, ரிசீவரை அதன் முனையில் செருகி, பேனா இருக்கும் பக்கமாக மேசைமேல் கொண்டுவந்து வையுங்கள். அது கிடைக்கும்வரை ரிசீவரை மடிக்கணினியின் எதிர்ப்புறத் துளைக்கு மாற்றினாலும் குறையும். வீட்டு வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால், ரௌட்டர் அனுமதிக்குமானால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஜூம் வகுப்புக்கும் அது நல்லது.

பேட்டரியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மின்னழுத்தம் இறங்கியிருந்தாலும் இதே திணறல் வரும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் வகை பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போதும் அதன் மதிப்பிட்ட அழுத்தம் 1.2 வோல்ட்தான், சாதாரண அல்கலைன் பேட்டரிக்கு 1.5 வோல்ட். 1.2 வோல்ட்டில் சில மவுஸ்கள் நன்றாகவே இயங்கும், சில தடுமாறும். ஓர் அல்கலைன் பேட்டரியைப் போட்டுப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். ரிசீவரைத் தொலைத்துவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வகை மவுஸ்களில் பெரும்பாலானவை தமக்கென்று இணைக்கப்பட்ட ரிசீவரோடு மட்டுமே பேசும்.

இயற்பியல் வகுப்பு, திருச்சி

வணக்கம் டீச்சர். நானும் இணையத்தில் பாடம் நடத்துகிறேன், வரைபலகையில்தான் எழுதுகிறேன். உங்கள் முடிவு சரியானது.

அங்கே கணக்கே வேறு. வரைபலகையின் ஒவ்வொரு புள்ளியும் திரையின் ஒரு புள்ளியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். பேனாவைத் தூக்கி எங்கே கொண்டுபோனாலும் கர்சர் அங்கே போய் நிற்கும், ஆதலால் x எழுதிவிட்டுக் கையெடுத்து மேலே 2 போடுவது தாளில் எழுதுவதைப் போலவே நடக்கும். பேனாவை விரலில் உருட்டினாலும் கோடு சாயாது. முனையை அழுத்தினால் மை இறங்கும், எடுத்தால் நிற்கும் என்பதால் பொத்தானுக்கும் வேலை இல்லை. வாக்கம் போன்ற நிறுவனங்களின் பலகைகளில் பேனாவுக்குப் பேட்டரியும் கிடையாது. பலகைக்குள் பரப்பியிருக்கும் கம்பிச் சுருள்கள் அனுப்பும் மின்காந்த அலையிலிருந்தே பேனாவுக்குள் உள்ள சுற்று ஆற்றலைப் பெற்று, அதிர்ந்து, பதில் அனுப்புகிறது. வாங்கும்போது பேனா பேட்டரி இல்லாத வகைதானா என்று கேட்டு வாங்குங்கள்.

எழுதுவதற்கு மட்டும் என்றால் சிறிய அளவே போதும். 2,048 அழுத்த நிலைகள், 8,192 அழுத்த நிலைகள் என்று விளம்பரத்தில் போடுவார்கள். ஓவியருக்கு அது தேவைப்படலாம், கணக்கு எழுதுவதற்குக் குறைந்தபட்சமே மிகை. அந்தப் பணத்தைத் திரையுள்ள பலகைக்குச் செலவிடவும் அவசரப்பட வேண்டாம். பலகையில் கையும் திரையில் கண்ணுமாக எழுதுவது தொடக்கத்தில் தடுமாறும், பிறகு கை பழகிக்கொள்ளும். நாம் மவுஸைப் பார்க்காமலே மவுஸ் நகர்த்துகிறவர்கள்தானே.

அமைப்பில் ஒன்றை மறக்காமல் செய்ய வேண்டும். வாக்கத்தின் சிறிய பலகையை எடுத்துக்கொண்டால் அதன் எழுதும் பரப்பு 152-க்கு 95 மில்லிமீட்டர். உங்கள் திரை 1920-க்கு 1080. முழுப் பலகையையும் முழுத் திரைக்குப் பொருத்தினால் அகலவாக்கில் ஒரு மில்லிமீட்டருக்கு 12.6 புள்ளியும் உயரவாக்கில் 11.4 புள்ளியும் வரும். நீங்கள் வரையும் ஒவ்வொரு வட்டமும் 11 விழுக்காடு அகன்று நீள்வட்டமாகிவிடும். கூம்பு வெட்டிகள் பாடத்தில் வட்டத்துக்கும் நீள்வட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் படம் போட்டுக் காட்டும் ஆசிரியருக்கு இது சிறிய குறை அல்ல. பலகையின் மென்பொருளில் விகிதத்தைக் காக்கும் தெரிவை இயக்கிவிட்டால், பலகையின் உயரத்தில் 85.5 மில்லிமீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு விகிதத்தைச் சரிசெய்துகொள்ளும். இரண்டாவது திரை இணைத்திருந்தால், பலகையை வகுப்பு நடக்கும் ஒரு திரைக்கு மட்டும் பொருத்துங்கள். இல்லாவிட்டால் பலகை இரண்டு திரைகளுக்கும் பங்காகி எழுத்து பக்கவாட்டில் இழுபடும்.

ஜூமின் குறிப்பெழுதும் வசதியைவிட, ஒன்நோட் போன்ற செயலியைத் திறந்து அதில் எழுதி, அந்தச் சாளரத்தைப் பகிர்வதையே நான் விரும்புகிறேன். கணக்கு நீளும்போது பக்கம் கீழே நீண்டுகொண்டே போகும். வகுப்பு முடிந்ததும் அப்படியே பிடிஎஃப் ஆக்கிப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடலாம்.

பேனா மவுஸைக் கழற்ற வேண்டியதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இணைந்திருந்தாலும் விண்டோஸுக்குச் சிக்கல் இல்லை. வலக்கையில் வரைபலகைப் பேனாவை வைத்துக்கொண்டு, இடக்கையில் பேனா மவுஸின் உருளையால் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தலாம். ஆனால் பேனா மவுஸின் முனையை வரைபலகைப் பேனா எழுதிக்கொண்டிருக்கும்போது தாளில் உரச விடாதீர்கள், இரண்டும் ஒரே கர்சரை இழுக்கும்.

பலகை வந்ததும், விகிதம் சரியாக அமைந்ததா என்று பார்ப்பதற்கு ஒரு கண்ணாடி வளையலைப் பலகைமேல் வைத்து அதன் உள்விளிம்பை ஒட்டி ஒரு சுற்று வரையுங்கள். உலோக வளையல் வேண்டாம், அது பலகையின் மின்காந்தப் புலத்தைக் குலைக்கும். திரையில் வந்த உருவத்தின் அகலத்தையும் உயரத்தையும் ஸ்கேலால் அளந்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் வகுப்பைத் தொடங்கலாம்.